வீட்டு அளவு

கொத்தனார் வீட்டுச் சண்டையைத் தெருவில் யாரும் நின்று கேட்பதில்லை. கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. கொத்தனார் வாயைத் திறக்க மாட்டார். அவர் மனைவி சுவரோடு பேசுவாள். சுவரோடு என்று நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. அவள் சமையலறையில் அடுப்பு மேடை பின்பக்கச் சுவரை ஒட்டி இருந்தது. அடுப்பைப் பார்த்து நின்றால் மூக்குக்கு நேரே புகை படிந்த சுவர். கூடம், மனிதர்கள், உலகம் எல்லாமே முதுகுக்குப் பின்னால். சமைக்கிறவளை இப்படிச் சுவர் பார்க்க நிறுத்தி வைத்துவிட்டு, 'இவள் யாரோடும் கலகலப்பாகப் பழக மாட்டாள்' என்று வீட்டில் எல்லோரும் குறை சொன்னார்கள்.

அந்த வீடு கொத்தனாரின் அம்மா காலத்தில் கட்டியது. அந்த அம்மாள் நெடுநெடுவென்று இருந்தவள். அவள் உயரத்துக்கு மேடை போட்டிருந்தார்கள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு மருமகளாக வந்தவளோ குள்ளம். வந்த முதல் நாள் மேடை முன்னால் நின்றபோது கல் அவள் நெஞ்சுக்கு வந்தது. பானைக்குள் என்ன வேகிறது என்று எட்டித்தான் பார்க்க வேண்டும். "ஞாயித்துக்கிழமை இறக்கித் தர்றேன்" என்று கொத்தனார் சொன்னார். அதுவரை சமாளிக்க, வேலை நடக்கும் இடத்திலிருந்து சாரப் பலகைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காலுக்கு அடியில் போட்டார். பிறகு அவர் ஊரெல்லாம் வீடு கட்டினார். மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள், பின்னல் போடும் அளவுக்கு வளர்ந்தாள். பலகை அங்கேயே கிடந்தது.

பலகைமேல் நின்று சமைப்பதில் ஒரு தொல்லை உண்டு. கீழே இறங்காமல் திரும்ப முடியாது. கையில் கரண்டி, அடுப்பில் பால் என்று இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் இறங்கித் திரும்பி மறுபடி ஏற யாருக்குப் பொறுமை இருக்கும்? அவள் முதுகாலேயே பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். முதுகால் சொல்லும் எந்தப் பதிலும் கோபமாகத்தான் கேட்கும்.

பக்கத்து மனையில் கொத்தனாரின் தம்பி வீடு கட்டினார். தம்பி வேன் ஓட்டுகிறவர். கட்டிக்கொடுத்தது அண்ணன்தான். தங்கள் அப்பா இரண்டு வீட்டிலும் இருக்கட்டும் என்று நடுச்சுவரை இடித்து ஒரு வழியும் வைத்தார். கதவில்லாத வழி. தம்பி மனைவி எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, "அத்தான், எனக்கு ஓப்பன் கிச்சன் வேணும்" என்று கேட்டாள். கொத்தனாரும் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவரே எழுப்பாமல், கூடத்தைப் பார்த்தபடி மேடை போட்டார். மேடைக்கு இந்தப் பக்கம் உயரமான நாற்காலிகள். அந்தப் பக்கம் நின்று சின்னவள் வெங்காயம் உரித்தால் இந்தப் பக்கம் உட்கார்ந்து யாராவது பூண்டு உரிப்பார்கள். டிவியில் ஓடுவதும் அவளுக்குத் தெரியும், தெருவில் போகிறவனும் தெரியும். சாயங்காலமானால் குடும்பமே அங்கேதான் கிடக்கும்.

மூத்த மருமகளான பெரியவள் அந்த வீட்டுக்கு 'டீக்கடை' என்று பேர் வைத்தாள்.

"எங்கடி போற, நோட்டைத் தூக்கிக்கிட்டு?" என்றாள் ஒரு நாள், திரும்பாமலே. மகளின் காலடி ஓசை எந்தப் பக்கம் போகிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"சித்தி வீட்டுக்கு." மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏன், இங்க வெளிச்சம் இல்லையா?"

"வெளிச்சம் இருக்கு. நீதான் இல்ல."

"நான் எங்கடி போயிட்டேன்? இங்கதானே நிக்கிறேன்."

"உன் முதுகுதான் நிக்குது."

வாலு போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கொத்தனார் வந்தார். கைகால் கழுவி, சிமெண்டு படிந்த சட்டையை உதறிப் போட்டுவிட்டு, மனைவி நீட்டிய டீயை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். "நல்லாருக்கு" என்றார். அடுத்த வாய்க்கு அவர் அந்த வழி அருகே இருந்தார். மூன்றாவது வாய் டீக்கடையில். தன் டீயைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்தவள் வீட்டில் குடிக்கிறவரை என்ன செய்வது? அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். சின்னவள் ஏதோ சொன்னாள். மாமனார் ஏதோ சொன்னார். கொத்தனார் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரிப்பார் என்பதே அவளுக்கு அந்த வழி வைத்த பிறகுதான் தெரியும்.

பொறாமைதான். வேறு பேர் வைத்து அதற்கு மரியாதை செய்ய வேண்டியதில்லை. சின்னவளின் உயரத்தைப் பார்த்தால் எரியும், அவள் சிரிப்பைக் கேட்டால் எரியும். தட்டுகளை அவள் அடுக்கும் சத்தம்கூடக் கொஞ்சல் மாதிரி கேட்டது. அப்படி என்னதான் மருந்து வைத்திருக்கிறாள் இந்த நெட்டச்சி என்று பெரியவள் சுவரைக் கேட்டாள். சுவர் என்ன சொல்லும்?

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம்தான் விஷயம் முற்றியது. கொத்தனாருக்கு அன்று வேலை இல்லை. மாமனாருக்கு மீன் என்றால் உயிர். அதிலும் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். பெரியவள் மழையில் நனைந்துகொண்டு போய் மீன் வாங்கி வந்தாள். ஆய்ந்து, கழுவி, மசாலா தடவி, எண்ணெய் தெறித்துக் கையெல்லாம் புள்ளி புள்ளியாகப் பொரித்தாள். தட்டில் சோறு போட்டு, நல்ல நடுத்துண்டாக இரண்டு வைத்து மாமனார் கையில் கொடுத்தாள். "பேஷ்!" என்றார் அவர். அடுத்த துண்டைப் புரட்டிப் போட்டுவிட்டு, உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பதற்காகப் பலகையிலிருந்து இறங்கித் திரும்பினாள். கூடத்தில் நாற்காலி காலியாக இருந்தது. தட்டோடு போய்விட்டார். அந்தப் பக்கத்திலிருந்து, "மீனா? எனக்கும் ஒரு துண்டு குடுங்க மாமா" என்று சின்னவள் கேட்பது தெளிவாகக் கேட்டது.

சட்டியில் கிடந்த மீன் கருகியது. கருகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொத்தனார் வாசனை பிடித்து எழுந்து வந்தார். "ஏதோ தீயுதே."

"தீயட்டும். அந்த வழிய அடைச்சிடுங்க."

"எந்த வழி?"

"ஒண்ணும் தெரியாத பாப்பா. அந்த வழியத்தான்."

"ஏன், என்னாச்சு?"

"காத்து வருது."

"காத்து வரட்டும்னுதானே வச்சது."

"காத்து வர்றது இருக்கட்டும். இங்கிருந்து போற யாரும் திரும்பி வர்றதில்லையே."

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "நானே வச்ச வழி, நானே அடைக்கிறதா? தம்பி என்ன நினைப்பான்?"

"தம்பி என்ன நினைப்பான், தம்பி பொண்டாட்டி என்ன நினைப்பா! நான் என்ன நினைப்பேன்னு இந்த வீட்டுல எவராச்சும் நினைச்சதுண்டா?"

"அவ உன்னப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசினதில்ல."

"அதுதான் எனக்கு ஆகல. ரெண்டு வார்த்தை பேசினாலாவது சண்டை போட்டு ஆத்திக்கலாம்."

"இது என்ன நியாயம்?"

"நியாயமெல்லாம் எனக்கு வேணாம், சுவர் வேணும். நீங்க அடைக்கலேன்னா, நானும் வாலுவும் எங்க அக்கா வீட்டுக்குப் போறோம். அங்க என் முதுகுக்காவது நாலு பேர் பதில் சொல்லுவாங்க."

அவள் சொன்னால் செய்கிறவள். கொத்தனாருக்கு அது தெரியும்.  "சரி. ஞாயித்துக்கிழமை அடைக்கிறேன்."

"உங்க ஞாயித்துக்கிழமை எனக்குத் தெரியாதா? இந்தப் பலகையும் ஒரு ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் போட்டீங்க."

ஆனால் இந்தத் தடவை மறுநாளே செங்கல் வந்து இறங்கியது. வழிக்குப் பக்கத்தில் அடுக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடினார்கள்.  சுற்றிப் போகும்போது எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே போனார்கள். தம்பி மட்டும் கேட்டார்: "என்னண்ணே, எதுக்கு கல்லு?"

"சும்மா. ஒரு சின்ன வேலை."

தம்பி வழியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அண்ணன் முகத்தைப் பார்த்தார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியூர் சவாரிக்குப் போய்விட்டார். மாமனார் அவ்வளவு சுலபமாக விடவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லிடுங்கப்பா. என்னை எந்தப் பக்கம் வச்சு அடைக்கப் போறீங்க?"

 'நீங்களே சொல்லுங்க மாமா' என்று பெரியவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கேட்டால் அவர் எந்தப் பக்கத்தைச் சொல்வார் என்ற பயத்தில் விழுங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் வாலு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அம்மா! சித்தி குனிஞ்சாங்க, நிமிர முடியல!"

போய்ப் பார்த்தால், சின்னவள் மேடையைப் பிடித்தபடி பாதி மடிந்த கத்தி மாதிரி நின்றாள். முகமெல்லாம் வியர்வை. மாமனாரும் வாலுவும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். பெரியவள் தைலம் தேய்த்துவிட்டாள். தேய்க்கும்போது கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள் என்றும் சொல்ல வேண்டும். கொத்தனார் வேலைக்குப் போயிருந்தார். தம்பி இரவுக்குத்தான் திரும்புவார்.

"எங்க சமையலுக்கு நீங்க எதுக்கு அக்கா சிரமப்படறீங்க? ரொட்டி வாங்கிக்கலாம்."

"ரொட்டி தின்னா முதுகு நேராயிடுமா? பேசாம படு."

தன் அடுப்பில் சமைத்து இங்கே கொண்டுவந்திருக்கலாம். பத்து எட்டு வைத்தால் போதும். உண்மையைச் சொன்னால், அவளுக்கு ஆசை. நாளைக்கு வழியை அடைத்துவிட்டால் இந்த மேடையை எட்டிப் பார்க்கக்கூட முடியாது. ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையின் பின்னால் போனாள். பழக்கதோஷத்தில் பலகைமேல் ஏறக் காலைத் தூக்கினாள். அங்கே பலகை இல்லை. கால் வெறும் தரையில் தொப்பென்று இறங்க, இரண்டு கையையும் மேடைமேல் ஊன்றிக்கொண்டாள்.

ஊன்றிய கை ஊன்றியபடி நின்றுவிட்டது. கல் சரியாக அவள் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. தோளைத் தூக்க வேண்டாம், எட்டிப் பார்க்க வேண்டாம். கத்தியை எடுத்து ஒரு வெங்காயத்தை நறுக்கிப் பார்த்தாள். கை தானாகப் போனது. பருப்பை அடுப்பில் ஏற்றினாள். பானைக்குள் என்ன நடக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கீரையை ஆய்ந்தாள், முட்டையை உடைத்தாள். ஒரு இடத்திலும் அவள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

வாலு எதிரே வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, வெங்காயம் நறுக்கும்போது நாக்கை வெளிய நீட்டுவியா நீ?"

"யாரு? நானா?"

"ஆமா. இப்படி." நீட்டிக் காட்டினாள். "எனக்கும் கணக்குப் போடும்போது அப்படித்தான் வரும். டீச்சர் திட்டுவாங்க. உன்கிட்டேருந்துதானா இது!"

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. மாமனாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தான் ஆலையில் காவல்காரராக இருந்தபோது முதலாளியின் நாயையே திருடன் என்று நினைத்து விசில் ஊதிய கதையை ஆரம்பித்தார். அந்தக் கதை அவள் காதால் எத்தனையோ தடவை கேட்டது. ஆனால் விசில் ஊதும் இடம் வரும்போது அவர் கன்னம் உப்பும் என்பதை அன்றுதான் பார்த்தாள். அவளும் நடுவில் ஒன்று சொன்னாள்: "நாயா இருந்தது நல்லதா போச்சு மாமா. முதலாளியா இருந்திருந்தா உங்களுக்குக் கடி நிச்சயம்." மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"ஏம்மா, நீ இவ்வளவு பேசுவியா? உனக்குப் பேச்சே பிடிக்காதுன்னுல்ல நான் நினைச்சிருந்தேன்!"

அவள் பருப்பைக் கிளறினாள். சின்னவளிடம் மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. இந்த இடத்தில் யார் நின்றாலும் இதுதான் நடக்கும். அது புரிந்ததும் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை, இன்னும் அதிகமாக எரிந்தது. கெட்டிக்காரி என்பதால் இவளுக்கு இதெல்லாம் கிடைத்திருந்தாலாவது போகட்டும் என்று விடலாம். வெறுமனே ஒரு மேடையால் கிடைத்திருக்கிறது. அந்த மேடையைக் கட்டியது தன் புருஷன். அதிலும் இது தனக்கே அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி இருக்கிறதே, அது எப்படி?

"ஏய், உனக்கு இந்த மேடை எப்படி இருக்கு?" என்று பாயைப் பார்த்துக் கேட்டாள். படுத்திருந்தாலும் சின்னவளின் முகம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

"எப்படின்னா?"

"உனக்குக் கீழ இல்ல?"

சின்னவள் கூரையைப் பார்த்தாள். "ரொம்பக் கீழக்கா. பாத்திரம் கழுவி முடிக்கறதுக்குள்ள இடுப்பு விட்டுப்போகும். யார்கிட்ட சொல்றது? அத்தான் ஆசையா கட்டிக் குடுத்தது."

"கட்டும்போதே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. ஒரு வரி கல்லு ஏத்துங்க அத்தான்னேன். அந்த அளவுக்கம்பை வச்சுப் பாத்துட்டு, 'வீட்டு அளவு இதும்மா, மாத்தக் கூடாது'ன்னாரு. நானும் ஏதோ சாஸ்திரம்போலன்னு விட்டுட்டேன். டீச்சரக்கா வீட்டுலயும் இதே உயரம்தான். இடுப்புக்கு பெல்ட் போட்டுக்கிட்டுத்தான் சமைக்கிறாங்க. மருந்துக்கடைக்காரர் பொண்டாட்டி அடுப்படியில ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாங்க. அத்தான் கட்டின வீடு எல்லாத்துலயும் இப்படித்தான்."

பெரியவள் அடுப்பை அணைத்தாள். எல்லோருக்கும் பரிமாறினாள். பிறகு செங்கல் அடுக்கைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனாள். அந்த அளவுக்கம்பு அவளுக்குத் தெரியாததா? கொத்தனாரிடம் டேப் இருக்கிறது. ஆனாலும் ஜன்னல் அடி எங்கே, மேடை எங்கே, சுவிட்ச் எங்கே என்று ரம்பத்தால் வெட்டுப் போட்ட ஒரு கம்பைத்தான் எந்த வேலைக்கும் கொண்டுபோவார். அன்று பூச்சு வேலை என்பதால் அது மாடிப்படிக்கு அடியில் சாய்ந்திருந்தது. கையெல்லாம் பட்டு வழவழப்பாகிவிட்ட கம்பு. மேடைக்கான வெட்டில் சிமெண்டு ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டினாள்.

கல்யாணமான முதல் வாரம் அது. "இப்படி வந்து நில்லு" என்று அவளைச் சுவரோரம் நிறுத்தினார். கையை மடக்கச் சொன்னார். முழங்கைக்குக் கீழே நாலு விரல் வைத்து, புதுக் கம்பில் பென்சிலால் கோடு போட்டார். கோடு போட்ட கை முழங்கையில் கொஞ்ச நேரம் கூடுதலாகவே இருந்தது. "அழியக் கூடாது" என்று சொல்லி ரம்பத்தால் ஒரு வெட்டும் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மேடையை இறக்குவதற்காக எடுத்த அளவு.

கம்பைத் தரையில் ஊன்றி, பக்கத்தில் நின்று, கையை மடக்கினாள். வெட்டு முழங்கைக்குக் கீழே நாலு விரலில் நின்றது.

அன்று சாயங்காலம் கொத்தனாரிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. டீ கொடுத்தாள். அவரும் தம்பி மனைவியை விசாரித்துவிட்டு வந்து படுத்தார்.

ஞாயிறு விடிந்து மழை வெறித்திருந்தது. கொத்தனார் வழிக்கு முன்னால் கலவை குழைத்துக்கொண்டிருந்தார். இரவு திரும்பியிருந்த தம்பி அந்தப் பக்கம் மேடைமேல் சாய்ந்துகொண்டு பார்த்தார். சின்னவள் பாயில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மாமனார் நாற்காலியை வழிக்கு நட்டநடுவில் போட்டிருந்தார். "கொஞ்சம் நகருங்கப்பா" என்றார் கொத்தனார். "எந்தப் பக்கம்?" என்றார் அவர். கடைசியில் கொத்தனாரே நாற்காலியை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு நூல் பிடித்தார். முதல் வரியைப் பரப்பினார். கல் வைத்துக் கரணையால் தட்டும் சத்தம் இரண்டு வீட்டிலும் கேட்டது. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குக் கலவை அள்ளினார்.

அப்போது பெரியவள் வந்தாள். ஒரு கையில் சாரப் பலகை, மறு கையில் அளவுக்கம்பு. பலகையை அவர் காலடியில் போட்டாள்.

"இந்த வெட்டு எதுக்கு?"

"மேடைக்கு."

"எந்த மேடைக்கு?"

"எல்லா மேடைக்கும்தான். வீட்டு அளவு."

"எந்த வீட்டு அளவு?"

"வீட்டு அளவுன்னா... இது என்ன கேள்வி? வீட்டு அளவுதான். மொதல்லேருந்து அப்படித்தானே சொல்றோம். வீட்டுல..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

வீட்டுல. மனைவியை அவர் வெளியாட்களிடம் அப்படித்தான் சொல்லுவார். வீட்டுல கேட்டுட்டு வர்றேன், வீட்டுல உடம்பு சரியில்ல, வீட்டுல கோவமா இருக்காங்க. அந்த வீட்டு அளவு. சித்தாள், பெரியாள், வீடு கட்டுகிறவர்கள் என்று வாய் மாறி மாறி வந்ததில், அது ஏதோ வீடுகளுக்கான அளவு என்று ஊர் நம்பியது. சொன்னவரும் நம்பிவிட்டார். கரணையிலிருந்து கலவை சொட்டியது. கொத்தனார் வெட்டைப் பார்த்தார், அவள் முழங்கையைப் பார்த்தார்.

"ஏய்," என்றார். "இது நீ."

"நான்தான். ஊர்ல இருக்கிற அத்தனை அடுப்படியிலயும் நான்தான் நிக்கிறேன். டீச்சர் வீட்டுல நிக்கிறேன், மருந்துக்கடைக்காரர் வீட்டுல நிக்கிறேன். என் அடுப்படியில மட்டும் உங்க அம்மா நிக்கிறாங்க."

 கொத்தனாரின் பதில் அசட்டுத்தனமாகத்தான் வந்தது. "மேடைன்னா அந்த உயரம்தான்னு கைக்குப் பதிஞ்சுபோச்சு. யார் வந்து நின்னாலும், மேடைக்கு முன்னால நீ நிக்கிற மாதிரிதான் எனக்குத் தோணும். அதான் வேற உயரம் போட வரல."

பாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்னவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"அக்கா, இதுக்கா உங்களுக்குக் கோவம்? எனக்கு வயிறு எரியுது."

"உனக்கு எதுக்குடி எரியணும்?"

"எரியாம? இத்தனை நாளா குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு போனது உங்க உயரத்துக்கு! கட்டினவரு பொண்டாட்டி உயரத்தை ஊரெல்லாம் கல்லுல கட்டி வச்சிருக்காரு. இங்க ஒருத்தர் இருக்காரு, கேளுங்க, என் செருப்பு சைஸ் என்னன்னு. தெரியாது."

"ஏன் தெரியாது? எட்டு" என்றார் தம்பி.

"அது உங்க சைஸு."

வயிறு எரியுது என்று சின்னவள் சொன்னது பெரியவளுக்கு அத்தனை சுகமாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட நினைத்தாள். வெளியே காட்டிக்கொள்ளாமல் வழியில் கிடந்த ஈரக் கல் வரியைக் காலால் சுட்டினாள்.

"இதை எடுங்க. காயறதுக்குள்ள எடுங்க."

"நீதானே அடைக்கச் சொன்ன?"

"இப்ப எடுக்கச் சொல்றேன். இந்தக் கல்லை வச்சு இவ மேடைய ஒரு வரி ஏத்துங்க. அதோட என் மேடைய இடிச்சு, கூடத்தைப் பாத்த மாதிரி திருப்பிப் போடுங்க. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவுல சுவர் வேணாம். இந்த ஞாயித்துக்கிழமை."

"ஒரே நாள்ல ஆகாது. ரெண்டு மூணு நாளாவது ஆகும்."

"ஆகட்டும். முதல்ல என்னோடதை முடிங்க. அதுவரைக்கும் இவ அடுப்புல நான் சமைக்கிறேன். அளவு என்னோடதுதானே. இவ படுத்துக் கெடக்கட்டும்."

"அப்ப நான் எந்தப் பக்கம் உட்காரட்டும்?" என்றார் மாமனார்.

"நான் எங்க நிக்கிறேனோ அங்க உட்காருங்க. மீன் தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடினீங்கன்னா தெரியும்."

கொத்தனார் கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கழுவி வைத்தார். தம்பி தன் மனைவியைத் தோளில் தாங்கி எழுப்பி மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று பார்க்க, கொத்தனார் அளவுக்கம்பை அவள் பக்கத்தில் ஊன்றினார். முழங்கைக்குக் கீழே நாலு விரல் கணக்குப் பார்த்து, பழைய வெட்டுக்கு மேலே பென்சிலால் ஒரு கோடு போட்டார். ரம்பத்தை எடுக்கக் குனிந்தார்.

நிமிர்ந்தபோது கம்பு அங்கே இல்லை. பெரியவள் கையில் இருந்தது. எச்சிலைத் தொட்டு அந்தப் பென்சில் கோட்டை அழுத்தித் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு வேற கம்பு பாருங்க."

"ஒரே கம்புல ரெண்டு வெட்டு இருந்தா என்ன போச்சு? நாளைக்கு டீச்சர் வீட்டுக்கும் ஏத்தித் தரணும். அதுக்கும் இதுலதான்..."

"அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க புருஷன் அளந்து குடுக்கட்டும். இது என்னோடது."

கொத்தனார் வேறு கம்பு தேடி மாடிப்படிக்கு அடியில் போனார்.